மோஷன் கிராபிக்ஸில் லேயர்களை ஒழுங்காக அடுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மோஷன் கிராபிக்ஸ் வேலை என்றால் பெரும்பாலும் கல்யாண அழைப்பிதழ் வீடியோ, கோயில் கொடை, பங்குத் திருவிழா, கடை விளம்பரம், எல்.இ.டி. திரைக்கான பின்னணி, இவ்வளவுதான். எல்லாமே சின்னதாகத்தான் தொடங்கும். பிறகு திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்து லேயர்கள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படம், எழுத்து முதலியவை) பெருகி, அவற்றை வரிசையாகக் காட்டும் டைம்லைன் முழம் முழமாக நீளும். கடைசி நேரத்தில் ஒரு பெயரை மாற்றச் சொன்னால் அந்த லேயர் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் கமிட்டிக்காரர் மூன்று முறை போன் செய்துவிடுவார். இந்தப் பக்கம் அந்தத் தேடலைக் குறைப்பதற்காக.

பதில்கள் அடோபியின் அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸை வைத்து எழுதப்பட்டவை. மற்ற மென்பொருள்களைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. ஷார்ட்கட்கள் விண்டோஸுக்கானவை, மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன்.

ஃபோட்டோஷாப்பில் ஃபோல்டர் போட்டு லேயர்களை உள்ளே தள்ளுகிறோமே, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அது எங்கே இருக்கிறது?

டைம்லைனில் அப்படியொரு ஃபோல்டர் கிடையாது. ப்ராஜெக்ட் பேனலில் ஃபோல்டர் உண்டு, ஆனால் அது ஃபுட்டேஜையும் (கொண்டுவந்த படம், வீடியோ) காம்ப்களையும் (லேயர்களை அடுக்கிய காம்போசிஷன்கள்) வைக்கத்தான். ஃபோட்டோஷாப் பழக்கத்தில் வருபவர்கள் இதைப் பார்த்ததும் பிரீகாம்ப்பை (சில லேயர்களை உள்ளே வைத்து ஒரே லேயராக்கிய காம்ப்) ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் அதற்குள் போட்டு மூடுகிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிரீகாம்ப் செய்தால் உள்ளே இருப்பவை எல்லாம் சேர்ந்து ஒரே படமாகிவிடும். மூடி வைக்க மட்டும் அது வேண்டியதில்லை.

லேயர்களைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவை எதற்காகச் சேர வேண்டும்? சேர்ந்து நகர வேண்டும் என்றால் பேரண்ட், அதாவது ஒரு லேயரை இன்னொன்றுக்குப் பிள்ளையாக இணைப்பது. சேர்ந்து ஒரே படமாக மங்க வேண்டும், ஒளிர வேண்டும், வெட்டுப்பட வேண்டும் என்றால் பிரீகாம்ப். கண்ணுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றால் லேபிள் நிறமும் ஷை பட்டனும் (லேயரை டைம்லைனில் மட்டும் மறைப்பது) போதும். ஒரே உருவத்தின் உறுப்புகள் என்றால் ஷேப் லேயருக்குள் (மென்பொருளிலேயே வரையும் வடிவங்களின் லேயர்) இருக்கும் குரூப்.

பேரண்ட் போட்டால் போதுமா, பிரீகாம்ப் செய்ய வேண்டுமா? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்கு ஒரு அனிமேஷன் என்று வைத்துக்கொள்வோம். தேரின் உடல் ஒரு லேயர், சக்கரங்கள் தனித்தனி லேயர், உச்சியில் கொடி. தேர் வலமிருந்து இடம் நகர வேண்டும், சக்கரங்கள் சுழல வேண்டும். இங்கே பிரீகாம்ப் வேண்டாம். சக்கரங்களையும் கொடியையும் தேரின் உடலுக்குப் பேரண்ட் செய்யுங்கள். உடலை நகர்த்தினால் எல்லாம் கூடவே வரும், சக்கரத்துக்குத் தன் சுழற்சி தனியாக இருக்கும். எல்லா லேயரும் கண் முன்னால் திறந்தே கிடப்பதால் கொடியை மட்டும் கொஞ்சம் ஆட்ட வேண்டும் என்றாலும் எங்கேயும் உள்ளே போய்த் தேட வேண்டாம்.

இப்போது தேர் மெதுவாகத் தோன்ற வேண்டும் என்கிறார்கள். உடலின் ஒபாசிட்டியை (எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவு) 0-லிருந்து 100-க்குக் கொண்டுபோகிறீர்கள். உடல் மட்டும் தோன்றுகிறது. சக்கரங்களும் கொடியும் முதலிலிருந்தே அந்தரத்தில் நிற்கின்றன. காரணம், பேரண்ட் செய்தால் பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன் இவைதான் பிள்ளைக்குப் போகும். ஒபாசிட்டி போகாது, எஃபெக்ட்டும் போகாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒபாசிட்டி போட்டாலும் சரிவராது: பாதி மங்கிய உடலின் வழியே பாதி மங்கிய சக்கரத்தின் பின்பக்கம் தெரியும். இந்த இடத்தில் பிரீகாம்ப்தான் சரி. முழுத் தேரையும் பிரீகாம்ப் செய்து, வெளியே அந்த ஒரு லேயருக்கு ஒபாசிட்டி கொடுங்கள்.

இதே தேரில் இன்னொரு தொல்லையும் உண்டு. சக்கரம் பி.என்.ஜி. படமாக இருந்து, அதற்கு டிராப் ஷேடோ எஃபெக்ட் போட்டிருந்தால் சக்கரம் சுழலும்போது நிழலும் கூடவே சுழலும். ஒரு கணம் கீழே இருக்கும், அடுத்த கணம் தலைக்கு மேலே வரும். சாதாரணப் பட லேயரில் மென்பொருள் முதலில் மாஸ்க் (லேயரை வெட்டும் வடிவம்), அடுத்து எஃபெக்ட், அதன் பிறகுதான் சுழற்சி என்ற வரிசையில் கணக்குப் போடுகிறது. நிழல் விழுந்த படத்தைத்தான் அது சுழற்றுகிறது. சுழலும் சக்கரத்தைப் பிரீகாம்ப் செய்து, நிழலை வெளியே இருக்கும் பிரீகாம்ப் லேயருக்குப் போட்டால் நிழல் ஒரே பக்கம் நிற்கும். ஷேப் லேயரில் வரைந்த சக்கரம் என்றால் வரிசை வேறு, சுழற்சி முதலில் வரும். அங்கே இந்தத் தொல்லை இல்லை.

நல் ஆப்ஜெக்ட் எதற்கு? அது திரையிலேயே தெரியவில்லையே.

தெரியக் கூடாது என்பதுதான் அதன் வேலை. கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+ஒய் அழுத்தினால் ஒன்று வரும். இயல்பான தலைவன் இல்லாத கூட்டத்துக்கு அதைத் தலைவனாக்கலாம். தேருக்கு உடல் இருக்கிறது. ஆனால் கல்யாண வீடியோவில் மணமக்கள் பெயர், தேதி, மண்டபம், ஓரப்பூ ஆகியவற்றில் எது தலைவன்? ஒரு நல் போட்டு எல்லாவற்றையும் அதற்குப் பேரண்ட் செய்து, நல்லை மட்டும் நகர்த்துங்கள், பெரிதாக்குங்கள்.

பேரண்ட் செய்வதற்கு முன்பே நல்லைச் சரியான இடத்தில் வைத்துவிடுங்கள். அதன் ஆங்கர் பாயின்ட் பெட்டியின் நடுவில் இருக்காது, இடது மேல் மூலையில் இருக்கும். ஸ்கேல் செய்யும்போது எல்லாம் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் விரியும். பேரண்ட் செய்யும்போது ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டால் பிள்ளை லேயர் பேரண்ட் இருக்கும் இடத்துக்கே தாவிவிடும். சில நேரம் அது வேண்டும், பல நேரம் வேண்டாம்.

அப்புறம், நல் 1, நல் 2 என்று பெயரில்லாமல் விடாதீர்கள். ஆறு நல் இருக்கும் டைம்லைனில் எது எதை இழுக்கிறது என்று இழுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டி வரும்.

கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி அழுத்திப் பிரீகாம்ப் செய்தால் இரண்டு தேர்வுகள் வருகின்றனவே, எதை எடுப்பது?

ஒரே ஒரு லேயரைப் பிரீகாம்ப் செய்யும்போதுதான் முதல் தேர்வு கிடைக்கும். அதை எடுத்தால் கீஃப்ரேம் (அசைவைக் குறிக்கும் புள்ளி), மாஸ்க், எஃபெக்ட் எல்லாம் வெளியே, புதிய பிரீகாம்ப் லேயரிலேயே தங்கும். வெறும் படம் மட்டும் உள்ளே போகும். பின்னால் அந்தப் படத்தை மாற்ற வேண்டி வரும், அசைவு அப்படியே இருக்க வேண்டும் என்றால் இதுதான் வசதி. மாப்பிள்ளை போட்டோ கடைசிவரை வந்து சேராத வேலைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

இரண்டாவது தேர்வில் எல்லாமே உள்ளே போய்விடும், வெளியே புத்தம்புது லேயர் இருக்கும். பல லேயர்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் இது ஒன்றுதான் வழி. கீழே, காம்ப்பின் நீளத்தைத் தேர்ந்த லேயர்களின் நீளத்துக்குச் சரிசெய்யும் ஒரு டிக் இருக்கும். சின்னச் சின்னக் காட்சிகளை மூடும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மூன்று வினாடிக் காட்சிக்கு மூன்று நிமிட நீளப் பட்டை ஒன்று டைம்லைனில் கிடக்கும்.

பிரீகாம்ப் செய்து பெரிதாக்கினால் எழுத்து மங்குகிறது. ஓரமும் வெட்டுப்படுகிறது.

பிரீகாம்ப்புக்குத் தன் அளவு உண்டு. அதைத் தாண்டியது வெட்டுப்படும், அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கும். டைம்லைனில் சூரியன் போல ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது, கொலாப்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ். அதைப் போட்டால் உள்ளே இருக்கும் லேயர்கள் வெளிக் காம்ப்பின் கணக்கிலேயே வரையப்படும். வெக்டர் எழுத்து கூர்மையாகவே நிற்கும், உள்ளே இருக்கும் முப்பரிமாண லேயர்களும் தட்டையாகாது. வெளி லேயருக்கு மாஸ்க்கோ எஃபெக்ட்டோ போட்டால் நிலைமை மாறும், அதனால் போட்ட பிறகு ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒரே மாதிரி பன்னிரண்டு குறிகள் வேண்டும், பெயர் மட்டும் வேறு. பன்னிரண்டு பிரீகாம்ப் போட வேண்டுமா?

சிவாலய ஓட்டத்துக்கு வரைபடம் செய்பவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. மகா சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் ஓடிச் சென்று வழிபடும் 12 சிவன் கோயில்கள்: முஞ்சிறை திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு புள்ளி, ஒரு வட்ட அலை, ஒரு பெயர்ப்பலகை. அப்படியே விட்டால் 36 லேயர், அதற்கு மேல் ஓடும் பாதைக்கோடு, மாவட்ட வரைபடம், பின்னணி.

முதலில் பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். ஒரு குறியைப் பிரீகாம்ப் ஆக்கி, டைம்லைனில் கன்ட்ரோல்+டி அழுத்தி 12 ஆக்குவார்கள். ஒன்றைத் திறந்து ‘திற்பரப்பு’ என்று மாற்றினால் பன்னிரண்டும் திற்பரப்பு ஆகிவிடும். டைம்லைனில் நகல் எடுத்தவை எல்லாம் ஒரே மூலத்தின் நிழல்கள்தான். சரி என்று ப்ராஜெக்ட் பேனலில் மூலத்தையே 12 முறை நகல் எடுப்பார்கள். இப்போது பெயர் தனித்தனியாக மாறும். ஆனால் மறுநாள் ‘பலகை காவி வேண்டாம், சந்தன நிறம் போடுங்க’ என்று சொல்வார்கள். பன்னிரண்டையும் திறந்து மாற்ற வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு குறி காம்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்து, எசென்ஷியல் கிராபிக்ஸ் பேனலில் பெயர் லேயரின் சோர்ஸ் டெக்ஸ்ட்டை இழுத்துப் போடுங்கள். பிறகு வெளியே டைம்லைனில் கன்ட்ரோல்+டி அடித்து 12 ஆக்கி, ஒவ்வொரு லேயரையும் விரித்து எசென்ஷியல் ப்ராப்பர்ட்டீஸ் என்ற பகுதியில் பெயரை அங்கேயே மாற்றுங்கள். பெயர் அந்தந்த லேயருக்குச் சொந்தம். நிறமும் வடிவமும் ஒரே மூலத்தில். ‘திருப்பன்றிக்கோடா, திருப்பன்னிக்கோடா’ என்று கமிட்டியில் வாக்குவாதம் வந்தாலும் நீங்கள் வெளியே ஒரு பெட்டியில் தட்டினால் முடிந்தது. பலகை நிறம் மாற வேண்டுமா, மூலத்தில் ஒரே மாற்றம்.

பிறகு 12 குறிகளையும் வரைபட லேயருக்குப் பேரண்ட் செய்துவிடுங்கள். கேமரா போல வரைபடத்தைப் பெரிதாக்கிக் குலசேகரம் பக்கம் போகும்போது குறிகள் இடம் பிசகாமல் கூடவே வரும். பாதைக்கோடு தனி ஷேப் லேயர், டிரிம் பாத்ஸ் (கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து காட்டும் வசதி) போட்டு ஓடவிடுங்கள்; அதையும் வரைபடத்துக்கே பேரண்ட் செய்யுங்கள். லேயர் பெயரை 01 திருமலை, 02 திக்குறிச்சி என்று எண்ணோடு தொடங்கினால் எது எந்த வரிசை என்பதில் குழப்பமே வராது.

ஷேப் லேயருக்குள் குரூப் எதற்கு?

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலத்தை வரைந்து பாருங்கள். 77 மீட்டர் நீளம், மேலே வில் போன்ற வளைவு, வளைவிலிருந்து தளத்துக்கு இறங்கும் கம்பிகள். ஒரே ஷேப் லேயரில் வளைவு, தளம், ஒரு கம்பி என மூன்றையும் வரைந்து, கம்பியைப் பல ஆக்க ரிப்பீட்டர் போட்டால் வளைவும் தளமும் கூடவே பல ஆகிவிடும். ரிப்பீட்டர் தான் இருக்கும் மட்டத்தில் தனக்கு மேலே உள்ள எல்லாவற்றையும் பெருக்கும். கம்பியை மட்டும் தேர்ந்து கன்ட்ரோல்+ஜி, அந்தக் குரூப்புக்குள் ரிப்பீட்டரைப் போடுங்கள். வளைவு தனியாகவும் கம்பிகள் தனியாகவும் நிற்கும். ஒவ்வொரு குரூப்புக்கும் தன் டிரான்ஸ்ஃபார்ம் இருப்பதால் முதலில் தளம் நீள, பிறகு வளைவு எழ, கடைசியில் கம்பிகள் இறங்கச் செய்யலாம். இத்தனையும் டைம்லைனில் ஒரே வரிதான்.

லேயர் பெயரைத் தமிழில் வைக்கலாமா?

தாராளமாக. லேயரைத் தேர்ந்து என்டர் தட்டி யூனிகோடில் எழுதுங்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டெக்ஸ்ட் லேயருக்கு நீங்கள் பெயர் வைக்காவிட்டால் உள்ளே இருக்கும் எழுத்தே பெயராக நிற்கும். ஃபிளெக்ஸ் கடைகளிலிருந்து வரும் வேலைகள் இன்னும் பாமினியில்தான் (ஆங்கில எழுத்துக் குறிகளைத் தமிழாகக் காட்டும் பழைய ஃபான்ட்) இருக்கின்றன. திரையில் ‘வணக்கம்’ என்று அழகாகத் தெரியும். டைம்லைனில் அதே லேயரின் பெயர் டி, இசட், எஃப், ஓர் அரைப்புள்ளி, மறுபடி எஃப், கே, மறுபடி அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குப்பையாக நிற்கும். அப்படி இருபது வரி இருந்தால் எதில் மணமகன் பெயர், எதில் மண்டபத்தின் பெயர் என்று யாருக்கும் தெரியாது. பாமினி லேயர் ஒவ்வொன்றுக்கும் கையால் பெயர் வைத்தே ஆக வேண்டும். முடிந்தால் யூனிகோடுக்கே மாறிவிடுங்கள்.

பெயரில் ‘என்ன’ என்பது முதலில் வரட்டும். ‘பெயர் மணமகள்’, ‘பூ இடது’, ‘பின்னணி கடல்’. ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் ஃபைனல்’ எல்லாம் பெயர் இல்லை.

யூனிகோடு எழுத்தை ஒவ்வொன்றாக அசைத்தால் கொம்பும் காலும் பிய்ந்து போகின்றன.

முதலில் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்துவிடுங்கள். அப்புறமும் உடைந்தால் டெக்ஸ்ட் அனிமேட்டரில் எழுத்து வாரியாக என்பதை விட்டுச் சொல் வாரியாக மாற்றுங்கள். பெரும்பாலான தலைப்புகளுக்கு அதுவே பார்க்க நன்றாக இருக்கும். எழுத்தெழுத்தாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னால் டெக்ஸ்ட்டை ஷேப்பாக மாற்றுங்கள். ‘கொ’ என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் தனித்தனிக் குரூப்பாக வந்திருந்தால் மூன்றையும் தேர்ந்து கன்ட்ரோல்+ஜி. இனி அது ஒரே எழுத்தாகக் குதிக்கும். ஷேப் ஆனபின் எழுத்துப்பிழை திருத்த முடியாது, ஆகவே மூல டெக்ஸ்ட் லேயரை அணைத்து அடியில் வைத்திருங்கள்.

லேபிள் நிறம், ஷை, லாக் இதெல்லாம் நேர விரயம்தானே அண்ணே?

இரண்டு நிமிட வேலை. எழுத்துக்கு ஒரு நிறம், போட்டோவுக்கு ஒரு நிறம், நல்லுக்கு ஒரு நிறம் என்று முடிவு செய்து எல்லா வேலையிலும் அதையே வையுங்கள். லேபிளைக் கிளிக் செய்து அதே நிறத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரே அடியில் தேர்ந்தெடுக்கலாம். முடித்துவிட்ட பின்னணிகளை ஷை ஆக்கி மறைத்துவிட்டால் அவை டைம்லைனில் மட்டும் மறையும், திரையில் அப்படியே தெரியும். யாராவது ‘லேயர் காணாமப் போச்சு’ என்று பதறினால் முதலில் ஷை பட்டன் அழுத்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

யூ ஒரு முறை தட்டினால் கீஃப்ரேம் உள்ளவை மட்டும் விரியும், இரண்டு முறை தட்டினால் மாற்றிய அனைத்தும் விரியும். அடுத்தவர் செய்த ஃபைலைப் படிக்க இதைவிடக் குறுக்கு வழி இல்லை.

இல்லஸ்ட்ரேட்டர் ஃபைலைக் கொண்டுவந்தால் எல்லாம் ஒரே லேயராக வருகிறது.

இல்லஸ்ட்ரேட்டரில் மேல்மட்ட லேயர்கள் மட்டுமே இங்கே லேயர்களாக வரும். உள்ளே இருக்கும் குரூப்கள் வராது. அங்கேயே லேயர் பேனல் மெனுவில் ரிலீஸ் டு லேயர்ஸ் கொடுத்து, வந்தவற்றை மேல்மட்டத்துக்கு இழுத்து, பெயரும் வைத்துச் சேமியுங்கள். பிறகு காம்போசிஷனாக, லேயர் அளவுகளைத் தக்கவைக்கும் தேர்வோடு இறக்குங்கள். அப்போதுதான் ஆங்கர் பாயின்ட் அந்தந்தப் பொருளின் நடுவில் இருக்கும். ஃபோட்டோஷாப் ஃபைல் என்றால் அங்கே போட்ட குரூப்கள் இங்கே பிரீகாம்ப்களாக வந்து சேரும், ஆகவே அங்கேயே யோசித்துக் குரூப் செய்வது நல்லது.

டிராக் மேட் லேயர் நேர் மேலே இருந்தே ஆக வேண்டுமா?

டிராக் மேட் என்பது ஒரு லேயரை இன்னொரு லேயரின் வடிவத்துக்கு வெட்டிக் காட்டுவது. அது நேர் மேலே இருக்க வேண்டும் என்பது பழைய பதிப்புகளில் உண்மை. 2022 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து எந்த லேயரையும் மேட்டாகத் தேர்ந்துகொள்ளலாம், ஒரே மேட்டைப் பல லேயர்கள் பகிரவும் செய்யலாம். அப்படியிருந்தும் மேட்டைப் பக்கத்திலேயே வைத்து, இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுப்பது நல்ல பழக்கம்.

செல்போனிலும் வேறு மென்பொருளிலும் எப்படி?

அலைட் மோஷனில் பல லேயர்களைத் தேர்ந்து குரூப் செய்யலாம், பேரண்ட் வசதியும் உண்டு. ஆப்பிள் மோஷனில் குரூப்தான் அடிப்படையே. ஃபோல்டர் தேடுபவர்களுக்கு அங்கே ஏமாற்றம் இருக்காது. டாவின்சி ரிசால்வின் ஃப்யூஷனில் லேயரே கிடையாது, எல்லாம் நோடுகள் (கோடுகளால் இணைக்கும் கட்டங்கள்). அங்கே நோடுகளைத் தேர்ந்து கன்ட்ரோல்+ஜி கொடுத்தால் ஒரு பெட்டிக்குள் அடங்கும்.

வேலையை வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்தால் பாதி படம் காணவில்லை என்கிறார்கள்.

ஃபைல் மெனுவில் டிபென்டென்சீஸ், அதில் கலெக்ட் ஃபைல்ஸ். ப்ராஜெக்ட்டையும் அது பயன்படுத்தும் படம், வீடியோ, ஒலி எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் நகலெடுத்துக் கொடுக்கும். அதற்கு முன் அதே இடத்தில் ரிமூவ் அன்யூஸ்ட் ஃபுட்டேஜ் கொடுத்தால் வேண்டாதவை கழியும். ஆனால் இதை நகல் ப்ராஜெக்ட்டில் செய்யுங்கள். ஃபான்ட்டுகள் இதில் நகலாகாது. கூடவே வரும் ரிப்போர்ட்டில் என்னென்ன ஃபான்ட், எஃபெக்ட் வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். தமிழ் ஃபான்ட் ஃபைலை உரிமம் அனுமதித்தால் தனியாக வைத்து அனுப்புங்கள், இல்லையென்றால் தலைப்புகளை ஷேப்பாக்கிக் கொடுங்கள். அங்கே இருப்பது பழைய பதிப்பு என்றால் முந்தைய பதிப்புக்கான நகலாகச் சேமித்து, புதிய வசதி எதுவும் உடையவில்லையா என்று திறந்து பார்த்துவிட்டு பென்டிரைவைக் கொடுங்கள்.